சுழியோடியும் வினாத்தாளும்

எனக்குத் தொய்வு உண்டு. இதனை எழுத்திலே ஒப்புக்கொள்வதற்கு எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. எங்கள் வீட்டில் இதற்கு ‘முட்டு’ என்று பெயர். மாரி தொடங்கியதும் முட்டும் தொடங்கும். இரவில் சுவரிற் சாய்ந்திருந்து விடியும்வரை மூச்சுக்குப் போராடுவேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்கு வயது ஐந்து. நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில் அம்மா என்னைத் தோளிற் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் கை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தது. யாழ்ப்பாணத்திற்கு மருந்து வருவதே அரிதாயிருந்த அக்காலத்தில் எனக்குக் கிடைத்த சிகிச்சை அதுதான்.

அத்தகைய ஒருவனுக்குக் கடலின் அடியைப் பார்க்கும் ஆசை ஏன் வந்தது என்று கேட்கலாம். என் தொழிலே காரணம். உயர்தர வகுப்பிலே நெய்தல் நிலத்தை நான் பத்தாண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கொற்கை முத்தின் சிறப்பைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் என்னாற் பேச முடியும். யவனர் வந்ததையும் பாண்டியர் செல்வம் பெருகியதையும் சொல்லுவேன். அந்த முத்தை எடுத்தவன் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கினான், மேலே வந்தபோது அவன் காதிலிருந்து இரத்தம் வடிந்ததா என்பதைப் பற்றி நான் ஒருநாளும் பேசியதில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குக் கற்பித்த பேராசிரியர்களும் சொன்னதில்லை.

திருக்கோணமலைக்கு மாற்றலாகி வந்தபின் தினமும் கடலைப் பார்க்கும் நிலை ஏற்பட்டது. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து இப்பொழுது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் வந்திருந்தார். கச்சான் வீசும் அம்மாதங்களில் கிழக்குக் கரையிற் கடல் தணிந்திருக்கும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் முருகைக்கற் பாறைகளைச் சிலிண்டர் கட்டி இறங்கிப் பார்ப்போம், செலவு தன்னுடையது என்றார். என் மாதச் சம்பளத்தில் அந்தச் செலவை நினைத்தும் பார்க்க முடியாதாகையால் உடனே சம்மதித்தேன்.

கடலுக்குப் போகுமுன் எங்கள் கையில் ஒரு தாளைத் தந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட மருத்துவ வினாத்தாள். பொழுதுபோக்குக்காகச் சுழியோடக் கற்க வருவோரிடம் உலகின் பல பாகங்களிலும் இத்தகைய தாளே கொடுக்கப்படுகின்றது. 2020இல் மருத்துவர் குழுவொன்றினால் திருத்தியமைக்கப்பட்டது. நுரையீரலில், இருதயத்தில், இரத்தத்தில் ஏதேனும் குறையுண்டா? நாற்பத்தைந்து வயதைக் கடந்தவரா? வலிப்பு வந்ததுண்டா? நீரிழிவு உண்டா? சில வினாக்களுக்கு ‘ஆம்’ என்றால் அடுத்த பக்கத்தில் மேலும் நுணுக்கமான வினாக்கள். அங்கும் ‘ஆம்’ என்றால் வைத்தியர் ஒருவர் பரிசோதித்துக் கையெழுத்திட்டாலன்றிக் கடலில் இறங்க இயலாது.

நான் பேனாவோடு தயங்குவதைக் கண்ட அந்த நிலையத்துப் பையன் அருகில் வந்து மெல்லச் சொன்னான்: “சேர், எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு போடுங்கோ. இண்டைக்கே இறங்கலாம். எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை.”

அவன் கெட்டவனல்லன். எனக்கு உதவவே நினைத்தான். நண்பரோ காலணியைக் கழற்றிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். பரீட்சை மண்டபத்தில் அடுத்தவன் தாளை எட்டிப் பார்த்த பிள்ளையை எழுப்பி வெளியே விட்டிருக்கிறேன். அன்று நானே ஒரு பொய்யான விடைக்கு மிக அருகில் நின்றேன். “இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள், தம்பி?” என்று அவனைக் கேட்டேன். “அது சட்டம், சேர்” என்றான். காரணம் தெரியாத சட்டத்தை மீறுவது எளிது. அந்தக் காரணத்தை அறிந்துகொண்டு நாளை வருகிறேன் என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நண்பர் தனியே இறங்கினார். அன்று முழுவதும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்றிரவு வாசித்ததில் நான் விளங்கிக்கொண்டது இதுதான். கடல்மட்டத்தில் நாம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் வாழ்கிறோம். பத்து மீற்றர் ஆழத்தில் அது இரண்டாகிறது. முப்பது மீற்றரில் நான்கு. சிலிண்டரிலிருந்து வரும் காற்று அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நெஞ்சை நிரப்புகிறது. பத்து மீற்றரில் நெஞ்சு நிறைய எடுத்த மூச்சை வெளியே விடாமல் ஒருவன் மேலே வருவானாயின், மேற்பரப்பை அடைகையில் அக்காற்று இரண்டு மடங்காகப் பெருக முயலும். நுரையீரல் அவ்வளவுக்கு விரியாது, கிழியும். ஆகவேதான் சிலிண்டரோடு இறங்குவோருக்கு முதலிற் கற்பிக்கும் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. முத்துக்குளித்தவனுக்கோ மூச்சை அடக்குவதே தொழில். அவன் மேலே எடுத்த மூச்சையே கொண்டு இறங்கினான். கீழே சுருங்கிய காற்று மேலே வரும்போது பழைய அளவுக்கு மீள்வதன்றி அதற்கு மேற் பெருகுவதில்லை. இரண்டும் கடலடித் தொழிலே. விதி மாத்திரம் நேரெதிர்.

இனித் தொய்வுக்காரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் மூச்சை அடக்க வேண்டியதில்லை. அவனுடைய நோயே அடக்கிவிடும். சிறு சுவாசக் குழாய்கள் சுருங்கிச் சளியும் அடைத்துக்கொண்டால் உள்ளே போன காற்று வெளியேற வழியின்றி நுரையீரலின் ஒரு மூலையிற் சிறைப்படுகிறது. தரையில் அது வெறும் இழுப்பு. நீரில் மேலெழும்போது அந்த மூலை வெடிக்கலாம். வெளிப்பட்ட காற்றுக் குமிழ் இரத்தத்தோடு மூளைக்குச் சென்றால் மனிதன் படகேறுமுன்னரே நினைவிழப்பான். போதாக்குறைக்குச் சிலிண்டர்க் காற்று வறண்டது, குளிர்ந்தது. ஆழத்திற் செறிவு மிக்கது. வாயிற் புகும் உப்புநீரும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் களைப்பும், பயமும் தொய்வைக் கிளப்பக்கூடியவை. ஒரு காலத்தில் பல நாட்டு மருத்துவர்கள் தொய்வு என்ற சொல்லைக் கேட்டதுமே ‘கூடாது’ என்று முடித்தனர்.

இன்று அவ்வாறு முடிப்பதில்லை. பிரித்தானிய மார்புநோய் மருத்துவர் சங்கம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டல், நன்கு கட்டுப்பட்டிருக்கும் தொய்வுக்காரர், ஊதுகைப் பரிசோதனையும் உடற்பயிற்சிப் பரிசோதனையும் செவ்வையாயிருந்தால் இறங்கலாம் என்கிறது. குளிராலோ ஓட்டத்தாலோ மனக்கலக்கத்தாலோ இழுப்பு வருபவர் இறங்கலாகாது. முந்திய நாற்பத்தெட்டு மணிநேரத்தினுள் இழுப்பைத் தணிக்கப் பம்பைப் பயன்படுத்தியிருந்தால் அன்று கடல் இல்லை. நீரிழிவுக்காரருக்கும் இவ்வாறே கதவு சிறிது திறந்திருக்கிறது. 2005இல் வெளியான ஒரு வழிகாட்டலின்படி, இன்சுலின் ஏற்றுவோரும் நோயைச் சீராக வைத்திருந்தால் இறங்கலாம். ஆனால் இறங்குவதற்கு ஒரு மணிநேரம் முன்னரும், அரை மணி முன்னரும், இறங்கும் தறுவாயிலும் இரத்தச் சீனியைப் பார்க்கவேண்டும். அது 150 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருக்கவேண்டும். ஆழம் முப்பது மீற்றரை, நேரம் ஒரு மணியை மீறலாகாது. நீருக்கடியில் சீனி குறைந்து மயங்குபவன் தன்னை மாத்திரமல்ல, துணைவனையும் இழுத்துச் செல்வான் அல்லவா?

இவற்றை வாசிக்கையில் ஒருவகை மதிப்பு என்னுள் எழுந்ததை மறைக்கவில்லை. நோயின் பெயரைக் கேட்டே மனிதனை ஒதுக்காமல், இந்த மனிதனிடத்தில் இந்த நோய் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். திருக்கோணமலைக் கடலைப் பற்றிப் பேசும்போது ஆதர் சி. கிளார்க்கை நினைக்காதிருக்க முடியாது. 1956இல் இலங்கைக்கு வந்து, கோணேசர் கோயிலின் சிதைவுகளைச் சுவாமிமலை அடிவாரக் கடலிற் கண்டவர் அவர். 1962இல் இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிற்று; 1988இல் அதன் பின்விளைவென மருத்துவர்கள் கண்டறிந்த தசைத்தளர்ச்சியால் சக்கர நாற்காலியை நாடவேண்டியதாயிற்று. அதன் பின்னரும் அவர் கடலில் இறங்கினார். தரையில் உடலைத் தாங்க மறுத்த கால்கள், நிறையற்ற நீரில் அவருக்குத் தடையாயிருக்கவில்லை.

நிற்க. மறுநாள் அந்த நிலையத்துக்கு நான் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சுநோய்க் கிளினிக்கில் ஒரு வைத்தியர், நோயாளர் வரிசை வாசல்வரை நீண்டிருந்த அந்த நேரத்திலும், நான் கொண்டுபோன தாளைப் பொறுமையோடு வாசித்தார். “முதன்முறையாக ஒருவர் இதைக் கேட்டு இங்கே வந்திருக்கிறார்” என்று சிரித்தார். ஒரே மூச்சில் ஊதச் செய்து, முதற் செக்கனில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளந்தார். பின்பு ஆஸ்பத்திரி முற்றத்தில் சில நிமிடம் ஓடச் சொன்னார். (வரிசையிலிருந்த என் மாணவி ஒருத்தியின் தாயார் இதைப் பார்த்துவிட்டார். தமிழ் வாத்தியார் ஆஸ்பத்திரியைச் சுற்றி ஓடினார் என்ற செய்தி மறுநாள் பாடசாலையில் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.) ஐந்து நிமிடமும் பத்து நிமிடமும் கழித்து மீண்டும் ஊதியபோது அளவு நன்றாகக் குறைந்திருந்தது. நாள்தோறும் இழுக்கவேண்டிய தடுப்பு மருந்தை நான் ஒழுங்காக எடுப்பதில்லை என்பதும், இழுப்பு வரும்போது மட்டும் ஆறுதற் பம்பை நாடுகிறேன் என்பதும் அவருக்கு நான் சொல்லாமலே விளங்கிவிட்டன. “ஆறு மாதம் மருந்தை ஒழுங்காய் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு பார்ப்போம். இப்போது கூடாது.”

முந்தைய நாள் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணியபடி மருந்து கொடுக்கும் யன்னலடியில் நின்றேன். அங்கேதான் அவனைக் கண்டேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்புவரை என்னிடம் படித்தவன். கடைசி வாங்கில் இருப்பான். மழைநாளில் அவன் நெஞ்சு இரையும் ஒலி கரும்பலகைவரை கேட்கும். எனக்குப் பழக்கமான ஒலியாகையால் அந்நாட்களில் அவனை எழுந்து வாசிக்கச் சொல்லமாட்டேன்.

“என்ன தொழில் செய்கிறாய்?”

“கடல்தான், சேர். சிலிண்டர் கட்டி அட்டைக்கு இறங்கிறன். சங்குக்கும் போறது.”

“இந்த நெஞ்சோடா?”

“அது பறவாயில்லை, சேர். இறங்கமுன்னம் ரெண்டுதரம் பம்பை இழுத்துப்போட்டு இறங்குவன். அப்ப கீழ ஒண்டும் செய்யாது.”

நாற்பத்தெட்டு மணிநேரம் என்று முந்தைய இரவு வாசித்தவன் நான். இவனோ இரண்டு நிமிடத்துக்கு முன் இழுத்துவிட்டு இறங்குகிறான். எந்த ஆழம் என்று கேட்டேன். பன்னிரண்டு பாகம், பதினைந்து பாகம் என்றான். நாளொன்றுக்கு மூன்று சிலிண்டர். கடல் நன்றாயிருந்தால் நான்கு. இறங்குமுன் யாராவது ஏதாவது ஒரு தாள் தந்தார்களா? அவனுக்கு அக்கேள்வியே விளங்கவில்லை.

அந்த வினாத்தாளின் ஒவ்வொரு வினாவும் யாருடைய உடலிலிருந்து பிறந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அத்திவாரம் தோண்டுவதற்காக 1870களின் தொடக்கத்தில் கூலியாட்களை அழுத்தக் காற்று நிறைந்த பெட்டகங்களினுள் இறக்கினர். வெளியே வந்தவர்கள் மூட்டுவலியால் உடம்பு வளைந்து துடித்தனர். அந்த நோய்க்கு ‘வளைவு’ எனப் பொருள்படும் பெயரை இட்டவர்களும் அத்தொழிலாளரே. பாலத்து வைத்தியர் அண்ட்ரூ சிமித் தாம் கண்ட நூற்றுப்பத்து நோயாளரைப் பற்றிக் குறித்து வைத்தார். தலைமைப் பொறியியலாளர் உரோப்ளிங்கும் அந்நோயால் முடங்கினார். அவர் பெயர் பாலத்தோடு நிலைத்தது. கூலிகளின் பெயரை யார் அறிவார்? அழுத்தத்திற் குருதியிற் கரைந்த நைதரசன், மேலே வரும்போது குமிழாக வெளிப்படுவதே காரணம் என்று போல் பேர் 1878இல் நிறுவினார். ஆல்டேன் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக மேலேறவேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். அது பிரித்தானியக் கடற்படைக்காகச் செய்த ஆய்வு. குஸ்தோவும் கஞ்ஞானும் 1943இல் ஆக்கிய மூச்சுக்கருவிக்குப் பின்னரே கடலடி பொழுதுபோக்குக்குரிய இடமாயிற்று.

நம் மன்னார்க் கடலிலும் நடந்தது வேறன்று. ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் சுழியோடி எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. சுறாவை மந்திரத்தாற் கட்டுவதற்குக் கடல்கட்டி என்றொருவன் இருந்தான். அவனுக்கும் சிப்பியிற் பங்குண்டு. சுழியோடியின் காதும் நெஞ்சும் அவனவன் பாடு.

இப்படித் தொழிலாளரின் உடலிற் கற்ற பாடம் இன்று விடுமுறைக்கு வருபவரின் கையில் வினாத்தாளாகக் கொடுக்கப்படுகிறது. அது கொடுக்கப்பட வேண்டியதே. எனக்குக் கொடுத்ததால் நான் பிழைத்தேன் என்றே சொல்லவேண்டும். அதே கடலில், அதே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, புறாத்தீவுக்கு வருபவனை விட ஆழத்தில் நாள்முழுவதும் இறங்குபவனிடம் அது ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஒரு கிழமை இருந்து அவ்வினாத்தாளைத் தமிழில் எழுதினேன். பட்டம் பெற்ற தமிழுக்கு அவ்வளவு வேலை வேறெப்போதும் வந்ததில்லை. ‘நியூமோதொறாக்ஸ்’ என்பதை ‘நெஞ்சுக்குள் காற்றுப் போய் நுரையீரல் சுருங்குவது’ என்று எழுதி முடிக்க ஓர் இரவு சென்றது. ஞாயிற்றுக்கிழமை அவனோடு நிலாவெளிக்கு வடக்கேயுள்ள அவர்களின் வாடிக்குச் சென்றேன். ஐந்து பேர் இருந்தார்கள். தேநீர் தந்தார்கள். நான் வினாக்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

முதலிற் சிரித்தார்கள். மூட்டுநோவு உண்டா என்றதும், “மூட்டுநோ இல்லாத சுழியோடி ஆர், சேர்?” என்று ஒருவர் கேட்டார். காது கேட்பதில் குறையுண்டா என்று கேட்டேன். ஒருவருக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை, பக்கத்திலிருந்தவர் உரத்துச் சொன்னார். கால் விறைத்ததுண்டா, சலம் போகாமல் நின்றதுண்டா என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மூலையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க அண்ணை தம் வலக்காலைக் கையால் தூக்கி நீட்டிவைத்தார். “இது எட்டு வருசம், தம்பி. அண்டைக்கு நோவெடுத்த உடன இன்னொரு சிலிண்டரைக் கட்டித் திருப்பி இறக்கினவங்கள். முந்தி ரெண்டுதரம் அப்பிடிச் சுகம் வந்தது. அந்தமுறை வரேல்லை.”

மீண்டும் இறங்கினால் குமிழ் சுருங்கி நோவு தணியலாம் என்பது மெய். ஆனால் மேலும் நைதரசன் கரையும். கால் விறைத்தவன் நீரடியில் தன்னைக் காத்துக்கொள்ளவும் மாட்டான். உயிர்வாயுவைக் கொடுத்துக்கொண்டு அழுத்த அறையுள்ள ஆஸ்பத்திரிக்கு விரைவாகக் கொண்டுசெல்வதே வழி என்று நான் வாசித்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த பாடம்.

ஐவரில் ‘இல்லை’ என்று முழுத்தாளையும் நிரப்பக்கூடியவர் ஒருவரும் இல்லை. “‘ஓம்’ எண்டு போட்டால் பிறகு என்ன?” என்று என் பழைய மாணவன் கேட்டான். வைத்தியரிடம் போகவேண்டும் என்றேன். “அவர் வேண்டாம் எண்டால், சம்மாட்டியாரிட்ட வாங்கின முற்பணத்தை ஆர் குடுக்கிறது, சேர்?”

எனக்கு ‘கூடாது’ என்று சொல்லப்பட்டபோது நான் இழந்தது ஒரு விடுமுறைப் பொழுது. அந்தச் சொல்லே அவனிடத்தில் அடுப்பை அணைத்துவிடும். மருத்துவப் பரிசோதனை வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் வினாத்தாள் வேண்டும், மெதுவாக மேலேறும் முறையைக் கற்பிக்க வேண்டும் என்றெல்லாம் அன்று நான் பேசினேன். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் ‘கூடாது’ என்று கேட்டவனுக்கு மாற்றுத் தொழிலும் கடன் தீர வழியும் இல்லாதவிடத்து, அவனும் அந்த நிலையத்துப் பையன் சொன்னபடியே ‘இல்லை’ என்று எழுதுவான். என் பொய்யையும் அவன் பொய்யையும் ஒரே தராசில் நிறுக்க என்னால் இயலவில்லை.

அவனை வற்புறுத்தி அதே வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவன் கடலுக்குப் போனான். எனினும் தடுப்பு மருந்தை எடுக்கத் தொடங்கியிருக்கிறான், நானும் எடுக்கிறேன். மாதத்தில் ஒருநாள் கிளினிக் வாங்கில் அருகருகே இருந்து, யார் எத்தனை நாள் தவறவிட்டோம் என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறோம்.

சென்ற மாதம் அவன் சற்று உற்சாகமாக இருந்தான். “இப்ப ஆழத்தைக் குறைச்சிட்டன், சேர். ஆறு பாகத்துக்கு மேல இறங்கிறதில்லை.”

நல்லது என்று சொல்லியிருக்கலாம். மூட்டுநோவுக்கு அது நல்லதுதான். ஆனால் எங்கள் இருவரின் நெஞ்சுக்கும் கடைசிப் பத்து மீற்றரே மிகக் கொடியது. காற்று இரண்டு மடங்காவது அங்கேதான். மூச்சு அடைபட்டால் நாலடி ஆழமும் போதும். கொப்பித் தாளில் ஒரு படம் வரைந்து அதை அவனுக்கு விளக்கினேன். வகுப்பில் ஒருநாளும் காட்டாத கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப எந்த ஆழம், சேர், எங்களுக்குச் சரி?”

மருந்து யன்னலில் அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான்.